ஒன்றேகால் மணிநேரப் பஸ்ஸுக்கு எந்தப் பாட்காஸ்ட்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். வீடு பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், வேலை கோயமுத்தூரில். வேலந்தாவளம் வழியாகப் பஸ்ஸில் போக ஒன்றேகால் மணிநேரம், வர ஒன்றேகால் மணிநேரம். பாட்டு கேட்டு அலுத்துவிட்டது. பாட்காஸ்ட் கேளுங்கள் என்று ஆபீஸில் சொன்னார்கள். ஆப்பைத் திறந்தால் சினிமாப் பேட்டியும் வாழ்க்கையில் ஜெயிப்பது எப்படி வகையறாவும்தான் வருகின்றன. நல்லதாக ஐந்து பெயர் சொல்ல முடியுமா? கடைசியில் ஒரு வரி: பிடித்த ஒன்றிரண்டைத் தோழிகளுக்கு அனுப்பினேன், ஒருத்தியும் கேட்கவில்லை.

பெயர் சொல்கிறேன், ஆனால் கொஞ்சம் பொறுங்கள். ஐந்து பெயரைக் கொடுத்துவிட்டால் அது ஒரு மாதத்துக்கு வரும். அப்புறம் மறுபடியும் இதே கேள்வியோடு நிற்பீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது, உங்கள் காதுக்கு ஒத்துவருவதை நீங்களே எப்படிக் கண்டுபிடிப்பது, அதை இன்னொருவர் காதுக்கு எப்படிக் கொண்டுபோவது என்று. இரண்டும் ஒரே வேலையின் இரண்டு முனைகள். என்னைப் பற்றி ஒரு வரி: வானொலியில் சில வருஷம் கேஷுவல் அறிவிப்பாளராக இருந்தேன். அதற்கப்புறம் பதினைந்து வருஷத்துக்கு மேலாக ஒலிப்பதிவும் எடிட்டிங்கும்தான் பிழைப்பு. மற்றவர்கள் பேசியதை வெட்டி ஒட்டிக் கொடுக்கிறவன். உங்கள் ஊரிலிருந்து சித்தூர் போகிற வழியில்தான் என் அறை இருக்கிறது. (ஆந்திராவிலும் ஒரு சித்தூர் இருக்கிறது. தேடலில் எப்போதும் அதுதான் முதலில் வந்து நிற்கும்.) அதனால் ஒலி சம்பந்தமாக நான் சொல்வதை நம்பலாம். ரசனை சம்பந்தமாகச் சொல்வதை ஒரு பக்கத்து வீட்டுக்காரன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆப் ஏன் உங்களுக்குச் சினிமாப் பேட்டியாகவே தருகிறது என்பது. பாட்காஸ்ட் என்பது அடிப்படையில் மிக எளிய சமாச்சாரம். நிகழ்ச்சி நடத்துகிறவர் ஒலிக் கோப்பை ஓரிடத்தில் வைக்கிறார். தலைப்பு, தேதி, மொழி, கோப்பின் முகவரி எல்லாம் அடங்கிய ஒரு பட்டியலைப் பக்கத்தில் வைக்கிறார். இந்தப் பட்டியலுக்கு ஆர்.எஸ்.எஸ். ஃபீட் என்று பெயர். உங்கள் போனில் இருக்கும் ஆப் அந்தப் பட்டியலை அவ்வப்போது போய்ப் பார்த்து, புதிதாக ஏதாவது இருந்தால் எடுத்துவருகிறது. பால்காரர் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போவது போல. ஐபாடையும் பிராட்காஸ்டையும் ஒட்டி 'பாட்காஸ்ட்' என்ற சொல்லை 2004-ல் பென் ஹேமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர் கார்டியன் நாளிதழில் எழுதினார். அடுத்த வருஷம் ஆப்பிள் தன் ஐடியூன்ஸில் பாட்காஸ்ட்டுக்கு இடம் கொடுத்தது. அன்றிலிருந்து இன்றுவரை உள்ளே இருக்கும் யந்திரம் பெரிதாக மாறவில்லை.

இப்போது அந்தப் பட்டியலில் 'மொழி' என்று ஒரு கட்டம் இருக்கிறது என்றேன் அல்லவா, அதில்தான் நம்மூர் ஆட்கள் சொதப்புகிறார்கள். முழுக்க முழுக்கத் தமிழில் பேசும் நிகழ்ச்சிக்கு அந்தக் கட்டத்தில் 'ஆங்கிலம்' என்று இருப்பதை எத்தனையோ தடவை பார்த்துத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். பதிவேற்றும்போது ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது, யாரும் மாற்றவில்லை. ஆக, ஆப்பில் 'தமிழ்' என்று வடிகட்டினால் இவை வரவே வராது. தலைப்பை ஆங்கில எழுத்தில் வைப்பது இன்னொரு தலைவலி. 'கதை' என்பதை ஒருவர் 'kathai' என்று எழுதுவார், இன்னொருவர் 'kadhai' என்பார், மூன்றாமவர் எச்-சே இல்லாமல் 'kadai' என்று போட்டுக் கடையாக்கிவிடுவார். 'தமிழ்' என்ற பெயரின் ழகரத்துக்கே இசட்-எச் ஒரு கட்சி, எல் ஒரு கட்சி. அதனால் ஒரு விஷயத்தைத் தேடும்போது தமிழ் எழுத்தில் ஒரு தடவை, ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாக என்று தேடிப் பாருங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் நான் பிடித்த நல்ல மீன்களில் பாதி இந்த எழுத்துப்பிழைக் குட்டையில்தான் கிடைத்தன.

அடுத்தது, 'டாப்' பட்டியல். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அந்தப் பட்டியல்கள் நாட்டுவாரியாக வருகின்றன. இந்தியா என்று ஒரே கூடையில் இந்தியும் ஆங்கிலமும் தமிழும் மலையாளமும் கிடக்கும். தன் பட்டியலுக்கு எத்தனை பேர் கேட்கிறார்கள், எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள், எவ்வளவு தூரம் கேட்டு முடிக்கிறார்கள் என்பதைப் பார்ப்பதாக ஆப்பிள் சொல்லியிருக்கிறது. நட்சத்திரமும் விமர்சனமும் கணக்கில் வராது என்றும் சொல்லியிருக்கிறது. 'ஐந்து நட்சத்திரம் போடுங்க, அப்பத்தான் மேலே வருவோம்' என்று கெஞ்சுகிறவர்களுக்கு யாராவது இதைச் சொன்னால் தேவலை. எப்படியானாலும் பட்டியல் காட்டுவது கூட்டத்தை. உக்கடத்தில் எந்த பஸ்ஸில் கூட்டம் அதிகம் என்று பார்த்து ஏறினால் வீடு போய்ச் சேர முடியுமா?

சரி, அப்போது எதைப் பிடித்துக்கொண்டு தேடுவது? ஆளைப் பிடித்துக்கொண்டு. பதினைந்து வருஷத்தில் எனக்குத் தவறாமல் பலன் கொடுத்த ஒரே வழி இது. உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த ஒருவர் இருப்பார்: ஒரு எழுத்தாளர், ஒரு டாக்டர், ஒரு விவசாயி, ஒரு ஆராய்ச்சியாளர். நிகழ்ச்சியைத் தேடாமல் அவர் பெயரைத் தேடுங்கள். எபிசோடுகளின் குறிப்பில் விருந்தினர் பெயர் இருக்கும். லிசன் நோட்ஸ் என்ற தேடுபொறி இதற்கென்றே இருக்கிறது, ஒரு பெயரைப் போட்டால் அந்தப் பெயர் வரும் எபிசோடுகளைக் காட்டும். அவர் நான்கு இடத்தில் பேசியிருந்தால் நான்கையும் கேளுங்கள். அதே ஆள், அதே விஷயம். ஆனால் ஓரிடத்தில் மட்டும் அவர் உட்கார்ந்து யோசித்துப் பதில் சொல்வார். வேறு யாரும் கேட்காத ஒன்றை யாரோ கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்வி கேட்டவர்தான் உங்கள் ஆள். அவருடைய மற்ற எபிசோடுகளுக்குப் போங்கள். அங்கே ஒரு புது விருந்தினர் பிடிக்கும், அவரைத் தேடுங்கள். இப்படியே நூல் பிடித்துப் போனால் மூன்று மாதத்தில் உங்களிடம் ஒரு பட்டியல் இருக்கும், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

நல்லதா என்று சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். இதை எனக்கு வானொலியில் ஒரு மூத்த அறிவிப்பாளர் சொல்லிக் கொடுத்தார். புது நிகழ்ச்சி என்றால் முதல் எபிசோடில் ஆரம்பிக்காதீர்கள். முதல் எபிசோடில் எல்லோரும் தடுமாறுவார்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தைப் பற்றி அவர்கள் பேசிய எபிசோடைத் தேடி அதிலிருந்து தொடங்குங்கள். நமக்குத் தெரியாத விஷயத்தில் யார் பேசினாலும் அறிவாளியாகத்தான் தெரிவார்கள். தெரிந்த விஷயத்தில் ஐந்தே நிமிஷத்தில் சாயம் வெளுத்துவிடும். எனக்கு நடந்தது இது. நதிநீர் பற்றி ஒரு நிகழ்ச்சி, அருமையான குரல், பின்னணி இசை எல்லாம் ஜோர். பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டம் பற்றிய எபிசோடைப் போட்டேன். தண்ணீர் மொத்தமும் தமிழ்நாட்டுக்குப் போகிறது, கேரளப் பக்கம் காய்கிறது என்று உருகி உருகிச் சொன்னார். 1970-ல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்தின் சித்தூர்ப் புழை ஆற்றுக்குத் தர வேண்டும். முறைப்படி வருகிறதா, சமயத்துக்கு வருகிறதா என்பதில்தான் வருஷா வருஷம் சண்டையே. அந்த எண்ணைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லவே முடியாது. நம்மூரில் டீக்கடையில் நிற்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர் யாரையும் கேட்கவில்லை. அன்றோடு அந்த நிகழ்ச்சியை எடுத்துவிட்டேன். குரல் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டும்.

உங்களுக்கு எது தெரியும் என்று நீங்கள் எழுதவில்லை. கணக்கு வேலையாக இருந்தால் ஜி.எஸ்.டி. பற்றிய எபிசோடைப் போட்டுப் பாருங்கள். நர்ஸ் என்றால் சர்க்கரை நோய் பற்றியதை. தப்பே இல்லாமல் பேச வேண்டும் என்பதில்லை. தெரியாத இடத்தில் நிதானித்து 'இதைப் பார்த்துச் சொல்கிறேன்' என்கிறாரா, இல்லை அடித்துவிடுகிறாரா என்று கவனியுங்கள்.

இன்னொரு சோதனை, இது என் தொழில் சார்ந்தது. வீட்டில் கேட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பஸ்ஸில் கேட்டுப் பாருங்கள். வீட்டில் தேனாக இருக்கும் நிகழ்ச்சி டீசல் என்ஜின் உறுமலில் காணாமல் போகும். காரணம் இதுதான்: ஒருவர் குரல் உரக்கவும் மற்றவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்தும் வந்தால், நீங்கள் சத்தத்தைக் கூட்டுவீர்கள், அடுத்த நொடி உரத்தவர் காதைக் கிழிப்பார். எடிட்டர் வேலை தெரிந்தவராக இருந்தால் இரண்டையும் சமன் செய்து, மொத்த ஒலி அளவையும் ஒரு நிர்ணயத்துக்குக் கொண்டுவருவார். ஆப்பிள் கேட்பது மைனஸ் 16 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு) என்ற அளவு. அந்தக் கணக்கெல்லாம் உங்களுக்கு வேண்டாம். வாளையாறோ வேலந்தாவளமோ, செக்போஸ்டில் லாரிகளுக்கு நடுவே பஸ் நிற்கும்போதும் ஒவ்வொரு சொல்லும் புரிந்தால், அதற்குப் பின்னால் கைத்தேர்ச்சியுள்ள ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். ஒலியில் அக்கறை எடுப்பவர்கள் பெரும்பாலும் விஷயத்திலும் அக்கறை எடுக்கிறார்கள் என்பது என் அனுபவம். இதற்கு விதிவிலக்கும் பார்த்திருக்கிறேன், மேலே சொன்ன தேன்குரல்காரரே சாட்சி. ஆகவே இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. நீங்களும் நானும் தமிழ்நாடு–கேரள எல்லையில் இருக்கிறோம். இது பாட்காஸ்ட் கேட்பவர்களுக்குக் கிடைத்த பாக்கியம், நாம்தான் பயன்படுத்துவதில்லை. என் பக்கத்து வீட்டு அக்கா தமிழ்ப் பள்ளியில் படித்தவர். மலையாள எழுத்தில் பஸ் போர்டு தவிர வேறு எதையும் படிக்கமாட்டார். ஒரு நாள் மத்தியானம் திண்ணையில் முறத்தைப் போட்டுக்கொண்டு கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். என் போனில் ஒரு மலையாளக் கதை ஓடிக்கொண்டிருந்தது, கெடுக்க வேண்டாமே என்று நிறுத்தப் போனேன். 'அட இருக்கட்டுமுங்க தம்பி, படிக்கத்தான் வராது, கேட்டா எல்லாந் தெரியுமுங்க' என்றார். உரித்த கை நிற்கவே இல்லை. கதையில் ஒரு கிழவி செத்துப்போகும் இடத்தில் மட்டும் ஒரு கடலைக்காய் விரலிடுக்கிலேயே கொஞ்சநேரம் நின்றது. நாற்பது வருஷமாகச் சந்தையிலும் ஆஸ்பத்திரியிலும் பஞ்சாயத்து ஆபீஸிலும் கேட்டுக் கேட்டு வந்த மொழி. அவருக்கு மலையாளப் புத்தகம் மூடிய கதவு, மலையாள ஒலி திறந்த வீடு. குமுளியில், மறையூரில், செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்தில், களியக்காவிளையில் எல்லாம் இதே கதைதான். நகரி, குப்பம் பக்கத்துக்காரர்களுக்குத் தெலுங்கு.

ஆனால் ஆப்புக்கு இது தெரியாது. போனில் மொழி தமிழ் என்று வைத்திருந்தால் தமிழும் ஆங்கிலமும் தரும், அவ்வளவுதான். மலையாளத்தை நீங்கள்தான் போய் அழைத்துவர வேண்டும். எழுத்து வராவிட்டால் போன் கீபோர்டில் மலையாளத்தைச் சேர்த்துக்கொண்டு, மைக்கை அழுத்தி வாயால் சொல்லுங்கள், அதுவே மலையாளத்தில் எழுதிக்கொள்ளும். 'கத', 'சரித்திரம்', 'பாட்டு' என்று ஏதாவது ஒன்று. நாலைந்து மலையாள எபிசோடு முழுதாகக் கேட்டபின் ஆப் தானாகக் கொண்டுவந்து கொட்டத் தொடங்கியது, என் போனில் அப்படித்தான் நடந்தது.

பெயர்களுக்கு வருகிறேன். தமிழில் கதை கேட்கப் பிடிக்குமென்றால் தீபிகா அருணின் 'கதை ஓசை'. நாவலைப் படித்துக் காட்டுவது சுலபமென்று நினைப்பார்கள். ஒரு பாத்திரத்துக்கு ஒரு குரல் எடுத்தால் இருபது அத்தியாயம் கழித்தும் அதே குரலில் வர வேண்டும், அது மகா கஷ்டம். ஒரு நாவலைத் தொடங்கினால் வாரக்கணக்கில் ஓடும், பஸ் பயணத்துக்குப் பாந்தம். சின்னச் சின்னத் துண்டுகளாக வேண்டுமென்றால் எஸ்.பி.எஸ். தமிழ். ஆஸ்திரேலிய அரசு ஒலிபரப்பு நிறுவனத்தின் தமிழ்ப் பிரிவு. நிறுத்தி நிதானமாகப் பேசுவார்கள், இலங்கைத் தமிழும் நம் தமிழும் கலந்து வரும். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த பெற்றோர் இருந்தால் அவர்களுக்கும் போட்டுக் காட்டுங்கள், முகம் மாறும். அன்றாட அரசியலைக் கிண்டலோடு கேட்க விகடனின் 'இம்பர்ஃபெக்ட் ஷோ'. எனக்கு அரசியல் காலையில் ஒத்துவராது, மாலை பஸ்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மலையாளத்தில் எஸ். கோபாலகிருஷ்ணனின் 'டில்லி தாலி'. இலக்கியம், சங்கீதம், காந்தி என்று ஒருவர் அமைதியாகப் பேசிக்கொண்டே போவார். முதல் பத்து நிமிஷம் நடை மெதுவாகத் தோன்றும், பிறகு பிடித்துக்கொள்ளும். அதன் மலையாளம் நம் சந்தை மலையாளத்தைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆங்கிலம் சரளமென்றால் மூன்று. பி.பி.சி.யின் 'இன் அவர் டைம்' 1998-ல் தொடங்கியது. 2025-ல் விலகும்வரை மெல்வின் பிராக் நடத்தினார். ஒரு விஷயம், மூன்று பேராசிரியர்கள், முக்கால் மணிநேரம், அரட்டை கிடையாது. ஆயிரத்துக்கு மேல் எபிசோடுகள் கிடக்கின்றன, உங்களுக்குத் தெரிந்த விஷயத்தை எடுத்துச் சோதிக்க வசதி. ரோமன் மார்ஸ் 2010-ல் தொடங்கிய '99 பர்சென்ட் இன்விசிபிள்', நாம் தினமும் பார்த்தும் பார்க்காத பொருள்களின் வடிவமைப்பைப் பற்றியது. எடிட்டிங் கற்க வரும் பையன்களுக்கு நான் முதலில் இதைத்தான் போட்டுக் காட்டுவேன். மூன்றாவது, அமித் வர்மாவின் 'தி சீன் அண்ட் தி அன்சீன்'. 2017-ல் தொடங்கியது. ஒரே ஆளோடு மணிக்கணக்கான உரையாடல். ஒரு எபிசோடுக்கு உங்களுக்கு இரண்டு மூன்று நாள் பஸ் ஆகும். 2014-ல் வந்த 'சீரியல்' என்ற அமெரிக்கத் தொடரை யாராவது சொல்வார்கள், பால்டிமோரில் 1999-ல் நடந்த ஒரு கொலை பற்றிப் பன்னிரண்டு எபிசோடு. பாட்காஸ்ட்டை உலகம் முழுக்கப் பேசவைத்தது அதுதான். ஆனால் கொலைக் கதை என்றாலே எனக்கு ஆகாது, ஆகவே அந்த வகையில் எது நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள். பிள்ளைகளுக்கானதும் அப்படியே, என் வீட்டில் கேட்கிற வயதில் யாருமில்லை.

ஆப் பற்றிச் சுருக்கமாக. ஆண்ட்ராய்டு என்றால் ஆன்டெனாபாட். இலவசம், விளம்பரம் இல்லை, கணக்கு தொடங்க வேண்டியதில்லை. ஐபோனில் ஆப்பிளுடையதே போதும். சில தமிழ் நிகழ்ச்சிகள் யூட்யூபில் மட்டுமே இருக்கும். பணம் கட்டாவிட்டால் திரையை அணைத்ததும் நின்றுவிடும், பஸ்ஸில் கையில் பிடித்துக்கொண்டே உட்கார வேண்டியதுதான். எந்த ஆப் ஆனாலும் நீங்கள் பின்தொடரும் பட்டியலை ஓ.பி.எம்.எல். என்ற கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024-ல் மூடப்பட்டபோது, அப்படி எடுத்து வைக்காமல் போனவர்கள் மறுபடி ஒவ்வொன்றாகத் தேடினார்கள். இரவே வீட்டு வைஃபையில் இறக்கிவிடுங்கள். பேச்சு மட்டும் உள்ள நிகழ்ச்சி நொடிக்கு 64 கிலோபிட் என்ற அளவில் இருந்தால் ஒரு மணிநேரத்துக்கு 29 எம்.பி.தான், 128-ல் இருந்தால் அதன் இரட்டிப்பு. வேகத்தைக் கூட்டும் பொத்தானைத் தமிழுக்கு அதிகம் தொடாதீர்கள். ஒன்றேகால் மடங்கு தாங்கும், அதற்கு மேல் போனால் ழவும் ளவும் ஒன்றோடொன்று குழைந்துவிடும். மௌனத்தை வெட்டும் வசதி ஒன்று உண்டு. அதைக் கதைக்குப் போட்டால் கொலை. அந்த இரண்டு நொடி மௌனத்துக்காக நாங்கள் அரைமணிநேரம் யோசித்திருப்போம்.

கடைசியாக உங்கள் தோழிகள். என் மச்சான் பால் வண்டி ஓட்டுகிறான், விடிகாலை மூன்றுமணிக்குக் கிளம்பினால் எட்டு வரை ஸ்டீயரிங்தான். இவனைவிடப் பாட்காஸ்ட்டுக்கு ஏற்ற ஆள் உண்டா என்று மூன்றுமணிநேர உரையாடல் ஒன்றை அனுப்பினேன், 'பிரமாதம், கண்டிப்பாகக் கேள்' என்று. இரண்டு நாள் கழித்து வந்து, 'ஏனுங்க மாமா, சொசைட்டிக்கே போய்ச் சேர்ந்துட்டேன், அந்த மனுசன் இன்னும் விசயத்துக்கே வரலீங்களே' என்றான். தப்பு என்னுடையது. எனக்குப் பிடித்ததை அனுப்பினேனே தவிர, அவனுக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கவில்லை. அடுத்த முறை மாடுகளுக்கு வரும் மடிநோயைப் பற்றி ஒரு கால்நடை மருத்துவர் பேசியதை அனுப்பினேன். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: 'பன்னிரண்டாவது நிமிஷத்திலிருந்து போடு. நம்ம செவலைக்கு வந்ததே, அதைத்தான் சொல்கிறார். பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.' அன்று காலை ஏழு மணிக்கே போன். இன்னும் இருக்குதுங்களா என்று.

அதனால் நிகழ்ச்சியை அனுப்பாதீர்கள், ஒரே ஒரு எபிசோடை அனுப்புங்கள். குரூப்பில் போடாதீர்கள். குரூப்பில் போட்டது ஊர்ப் பொதுக்கிணற்றில் போட்ட கல், யாரும் எடுக்கமாட்டார்கள். ஒருவருக்கு, அவர் பெயர் சொல்லி, எந்த நிமிஷம், எவ்வளவு நேரம், அவருக்கு ஏன் என்று ஒரு வரி. சில ஆப்களில் குறிப்பிட்ட நிமிஷத்திலிருந்தே தொடங்கும் இணைப்பை எடுக்கலாம், அது இருந்தால் இன்னும் நல்லது. அமுக்கியதும் 'ஆப்பை இறக்கு, கணக்கைத் தொடங்கு' என்று கேட்கும் இணைப்பாக இருந்தால் பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள். ஒரு தடவை நீங்களே வேறொருவர் போனில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். அப்புறம் கேட்டாயா, கேட்டாயா என்று துளைக்க வேண்டாம். கேட்டிருந்தால் அவர்களே சொல்வார்கள். எனக்குக் கிடைத்த நல்ல நிகழ்ச்சிகளில் சில, இப்படி நான் ஒன்று அனுப்பி, அவர்கள் பதிலுக்கு ஒன்று அனுப்பி வந்தவை. மச்சான் இப்போது எனக்கு மலையாளத்தில் லாரி டிரைவர்கள் பேசும் ஒன்றை அனுப்புகிறான், ஒலிப்பதிவு படுமோசம், ஒரு எபிசோடு விடாமல் கேட்கிறேன்.

முதல் வாரத்துக்கு இப்படிச் செய்து பாருங்கள்: காலையில் கதை ஓசையில் ஒரு நாவல், மாலையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் டில்லி தாலி. மீதி மாலைகளில், உங்களுக்குப் பிடித்த ஒருவர் பெயரைத் தேடி என்ன வருகிறதோ அது. இன்னொன்று, ஆடி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் காற்று ஓயும்வரை ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு உள்பக்கம் உட்காருங்கள். கம்மல் போல மேலோட்டமாக நிற்கும் இயர்போன் வேண்டாம், ரப்பர் நுனி வைத்துக் காதுக்குள் அடைவது வாங்குங்கள். விலை அதிகமுள்ளதாக இருக்க வேண்டியதில்லை. ஒரு காதில் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், கண்டக்டர் சில்லறை கேட்பது மற்றதில் விழட்டும்.